ஆடிக் காற்றில் ஒரு குண்டு

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் உச்சிவரை ஏறிப் பார்க்க வேண்டுமென்று எனக்குப் பல வருஷங்களாக ஆசை. புத்திசாலியாக இருந்தால் மார்கழியிலோ தை மாசத்திலோ போயிருப்பேன். ஆடி மாசத்தில் போனேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதை ஒரு அலங்காரப் பேச்சு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாதி மலை ஏறி, ஒரு பாறைத் திருப்பத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேனோ இல்லையோ, தோளில் கிடந்த மேல்துண்டு என்னிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லிக் கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விட்டது!

காற்று மேற்கிலிருந்து வீசியது. ஆகவே துண்டைக் கிழக்கே தேடினேன். சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கே தேடாதீங்க ஐயா. இங்கே காத்து மேக்கே இருந்து வருது. அந்தப் பாறையைத் தாண்டினா அதே காத்து கீழே இருந்து மேலே ஏறும். துண்டு மேலே கள்ளிச் செடியிலே மாட்டியிருக்கும், பாருங்க" என்றார்.

பார்த்தேன். கள்ளிச் செடியில்தான் மாட்டியிருந்தது.

நான் துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவருடைய ஆடு ஒன்று சரிவை நோக்கி நடக்க ஆரம்பித்தது. பெரியவர் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கிக் கவணில் வைத்துச் சுழற்றி விட்டார். நான் கவனித்த விஷயம் இதுதான்: அவர் ஆட்டைக் குறி வைக்கவில்லை. ஆட்டுக்கு மேற்கே, ஓர் ஆள் படுக்கும் தூரம் தள்ளிக் குறி வைத்தார். கல் ஆட்டின் காதோரம் போய் விழுந்தது. ஆடு திரும்பி வந்தது.

"ஏன் தள்ளி எறிந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கல்லைக் காத்து இழுக்குமில்லே ஐயா? இழுக்கிறதையும் சேர்த்துத்தானே எறியணும்?" என்றார்.

அவருக்கு அது பேச வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கணக்காக எழுதி முடிப்பதற்கு ஐரோப்பாவின் பெரிய மூளைகளெல்லாம் எவ்வளவோ பாடுபட்டிருக்கின்றன. அந்த மூளைகளில் தலையாயது ஒன்று நம்முடைய கடலூரில்தான் தன் கடைசி மூச்சை விட்டது. அந்தக் கதையையும் இந்த மலையின் கதையையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் மலையின் கதை. கிருஷ்ணகிரியைச் சுற்றிய சீமைக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்பது அதன் பொருள் என்பார்கள். இந்தச் சீமை ஒரு வீட்டுத் திண்ணையைப் போலவும், மைசூர் பீடபூமி வீட்டின் கூடத்தைப் போலவும் இருக்கிறது. திண்ணையிலிருந்து கூடத்துக்குப் போகிற படிக்கட்டில்தான் ராயக்கோட்டை இருக்கிறது. கூடத்தின் வாசற்படியில் ஓசூர். அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரம். சென்னையிலிருந்து சீரங்கப்பட்டணத்துக்குப் போகிற படையும் சரி, மைசூரிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குகிற படையும் சரி, இந்தப் படிக்கட்டைக் கவனிக்காமல் போக முடியாது. அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த ஊர்களில் மருந்து வாசனை அடங்கவே இல்லை. 1767-ல் முதல் மைசூர் யுத்தத்திலேயே கிருஷ்ணகிரி மலையைத் தாக்கிப் பார்த்துக் கும்பினிப் படை கையைச் சுட்டுக் கொண்டது.

மூன்றாவது மைசூர் யுத்தத்தில், 1791-ம் வருஷம், காரன்வாலிஸ் பிரபு பெங்களூரைப் பிடித்துவிட்டார். ஆனால் சீரங்கப்பட்டணத்தைப் பிடிக்க முடியாமல், மாடுகள் மடிந்து, பெரிய பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். சென்னையிலிருந்து அரிசியும் மருந்தும் வர வழி வேண்டும். அந்த வழி ஓசூரும் ராயக்கோட்டையும். ஜூலை மத்தியில் படை ஓசூரை நெருங்கியது. திப்புவின் ஆட்கள் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மேஜர் கௌடி என்பவர் ராயக்கோட்டையின் மேல் பாய்ந்து, கீழ்க்கோட்டையைப் பிடித்தார். இரண்டொரு நாளில் மேல்கோட்டையும் சரணடைந்தது. ஜூலை மத்தி என்றால் நம் கணக்கில் ஆடி பிறந்து சில நாட்கள். என் மேல்துண்டைக் கொண்டு போன அதே காற்று, அன்றைக்கு அந்தப் பாறைகளின் மேல் வீசியிருக்கும்!

அதே வருஷம் நவம்பர் 7-ம் தேதி இரவு கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக்கு வந்தார். கீழ்க்கோட்டையும் பேட்டையும் திடீர்த் தாக்குதலில் அவர் கைக்கு வந்துவிட்டன. மேல்கோட்டைக்குள்ளும் அதே வேகத்தில் புகுந்துவிடலாம் என்று ஏணிகளோடு ஓடினார்கள். மேலே இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பெரும் பாறாங்கற்களை உருட்டி விட்டார்கள். ஏணிகள் நொறுங்கின. ஏணியில் இருந்தவர்களும் நொறுங்கினார்கள். கடைசியில் மாக்ஸ்வெல் பேட்டையைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போனார். துப்பாக்கியும் பீரங்கியும் இருந்த காலத்தில், அந்த இரவில் வென்ற ஆயுதம் கல். உருண்டு வருகிற பாறாங்கல்லுக்குக் குறி வேண்டாம். காற்றைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

துப்பாக்கிக்கு அந்தக் கவலை உண்டு. எவ்வளவு உண்டு என்பதுதான் கேள்வி.

துப்பாக்கிக் குண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிறது. அதைக் காற்று என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை, காற்று குண்டைத் துண்டைப் போலப் பக்கவாட்டில் ஊதித் தள்ளிவிடும் என்றும் நினைக்கத் தோன்றும். இரண்டும் சரியல்ல. நேராக மழை பெய்து கொண்டிருக்கும்போது நீங்கள் வேகமாக நடந்தால் என்ன ஆகிறது? மழை முன்னாலிருந்து சாய்ந்து அடிப்பது போலத் தோன்றுகிறது. குடையை முன்னால் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். குண்டின் கதையும் அதுவே. பக்கத்திலிருந்து வீசுகிற காற்று, பறந்து கொண்டிருக்கும் குண்டுக்கு, ஏறக்குறைய எதிரிலிருந்தே வருவதாகப் படுகிறது. ஒரு இம்மிதான் சாய்வு. எதிர்க்காற்று குண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுப்பு சற்றே சாய்வாக இருப்பதால், குண்டு வேகத்தை இழக்க இழக்க, அந்தச் சாய்வின் பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விதி பிறக்கிறது. வேகமே குறையாத ஒரு குண்டு இருக்குமானால் அதைப் புயற்காற்றாலும் அசைக்க முடியாது. குண்டு எவ்வளவு தாமதப்படுகிறதோ அவ்வளவுதான் விலகும். கணக்கும் மிகச் சுலபம். காற்றே இல்லாத வெளியில் குண்டு குறியை அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு விலகும் தூரம் வந்துவிடும்.

கறுப்பு மருந்தை இடித்து, ஈயக் குண்டைப் போட்டுச் சுடும் அந்தக் காலத்துத் துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். வினாடிக்கு 1,500 அடி வேகத்தில் குண்டு கிளம்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 100 கஜ தூரத்தைக் கடக்க, காற்றில்லாத வெளியில் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். உண்மையில் ஏறக்குறைய கால் வினாடி ஆகிறது. தாமதம் வினாடியில் இருபதில் ஒரு பங்கு. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால், அது வினாடிக்குச் சுமார் 15 அடி. பெருக்கிப் பார்த்தால் முக்கால் அடி, அதாவது ஒரு சாண். 200 கஜத்துக்குப் போனால் விலகல் இரண்டு சாணோடு நிற்பதில்லை. ஒன்றரை முழத்துக்கும் மேலே போய்விடுகிறது. தூரம் இரட்டித்தால் பிழை மும்மடங்காகிறது. ஆடிக் காற்று 10 மைலோடு நிற்குமா? அது 20 மைல் வேகத்தில் வீசினால் மேலே சொன்ன அளவுகளை இரட்டித்துக் கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி வாயருகே வீசுகிற காற்று குண்டின் போக்கை ஆரம்பத்திலேயே திருப்பிவிட்டால், அந்தக் கோணல் வழி முழுவதும் வளர்ந்துகொண்டே போகும். குறிக்குப் பக்கத்தில் வீசுகிற காற்றுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. நடுவழியில் பாறை இருந்தால் அங்கே காற்றின் குணமே வேறு. "இங்கே ஒரு காத்து, அந்தப் பாறையைத் தாண்டினா ஒரு காத்து" என்ற தோரணையில் ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னார் அல்லவா? துப்பாக்கி வீரன் படிக்க வேண்டிய முதல் பாடம் அது.

நிற்க. குண்டு காற்றில் தாமதப்படுகிறது என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் யார்? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1707-ல் பாத் நகரத்தில் பிறந்தவர். சண்டையே கூடாது என்னும் குவேக்கர் மதத்தைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிள்ளையாகப் பிறந்து, சண்டைக் கருவியின் சாஸ்திரத்துக்கே தந்தையானார். விதியின் விளையாட்டு என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல?

அவர் செய்த கருவி நம் வீட்டு ஊஞ்சலைப் போன்றதுதான். மூன்று கால்களை நிறுத்தி, அதில் ஒரு கனமான மரப் பலகையைத் தொங்க விட்டார். பலகையில் குண்டைச் சுட்டார். குண்டு பலகையில் பதிந்ததும் ஊஞ்சல் பின்னே போயிற்று. எவ்வளவு தூரம் போயிற்று என்பதை ஒரு நாடாவால் அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். பிறகு ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். வழியில் எவ்வளவு வேகம் குறைந்தது என்பது தெரிந்துவிட்டது! அதுவரையில் ஐரோப்பியப் பண்டிதர்கள், ஈயக் குண்டு கனமானது, காற்று லேசானது, ஆகவே காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இருந்தார்கள். அவர்கள் கணக்குப்படி ஒரு துப்பாக்கிக் குண்டு 17 மைல் போக வேண்டும். உண்மையில் அது அரை மைல் கூடப் போவதில்லை என்று ராபின்ஸ் எடுத்துக் காட்டினார். 17 மைலை அரை மைலாக்கியது எது? பொருட்படுத்த வேண்டாம் என்று அவர்கள் தள்ளி வைத்த அந்த லேசான காற்றுதான்.

ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்றின் தடை ஏறக்குறைய மும்மடங்காகத் துள்ளுகிறது என்பதையும் அவர் அந்த மர ஊஞ்சலை வைத்துக்கொண்டே கண்டார். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,100 அடி. அதைச் சற்றே தாண்டிக் கிளம்புகிற குண்டு மடமடவென்று வேகத்தை இழக்கிறது. அதற்குச் சற்றே கீழே கிளம்புகிற குண்டு நிதானமாகப் போகிறது. ஆகவே சில சமயங்களில், மெதுவாகப் போகிற குண்டு வேகமாகப் போகிற குண்டைவிடக் காற்றில் குறைவாக விலகுகிறது! அவசரக்காரனுக்கு இதில் ஒரு புத்திமதி இருக்கிறது.

இவற்றையெல்லாம் 1742-ல் ஒரு சிறிய புத்தகமாக எழுதினார். ஆய்லர் என்ற மகா கணித மேதை அதை 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான உரை எழுதிச் சேர்த்தார். பின்னாளில் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்த நெப்போலியன் அதைப் படித்துக் குறிப்பெடுத்தார்.

ராபின்ஸ் இன்னொரு வேடிக்கையும் செய்தார. துப்பாக்கிக் குழாயின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போயிற்று. பிறகு திரும்பி வலப்பக்கம் வளைந்து போய் விழுந்தது. காரணம், வழவழப்பான குழாயில் குண்டு இங்குமங்கும் உரசி, கண்டபடி சுழன்றுகொண்டு வெளியே வருகிறது. அந்தச் சுழற்சி காற்றைப் பிடித்துக் குண்டை ஒரு பக்கமாக இழுக்கிறது. எந்தப் பக்கம் என்று சுடுகிறவனுக்கும் தெரியாது. இதைப் போக்க ஒரே வழி, குழாய்க்குள் புரி வெட்டி, குண்டைப் பம்பரம் போல ஒரே அச்சில் சுழலச் செய்வது. அப்படிப்பட்ட துப்பாக்கியை எந்த தேசம் முதலில் நன்றாகப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கிறதோ, அந்த தேசம் மற்றவர்களை மிஞ்சிவிடும் என்று 1747-லேயே அவர் சொன்னார்.

இந்த மனிதரைக் கிழக்கிந்தியக் கும்பினி தன் கோட்டைகளைச் செப்பனிட என்று தலைமை எஞ்சினீயராக நியமித்தது. 1750 ஜூலையில் அவர் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கடலூர்க் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய திட்டங்கள் போட்டார். வந்த வருஷமே காய்ச்சல் கண்டது. 1751 ஜூலை 29-ம் தேதி இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 44. அதுவும் ஓர் ஆடி மாசம்தான்.

கடலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி ஒரு பகல் நேர பஸ் பயணம். அந்தத் தூரத்தை ராபின்ஸின் ஞானம் எத்தனை வருஷத்தில் கடந்தது, தெரியுமா? அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து, அவருக்குச் சம்பளம் கொடுத்த அதே கும்பினியின் சிப்பாய்கள், கண்டபடி குண்டைச் சுழற்றும் அதே வழவழப்பான துப்பாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு ராயக்கோட்டைப் பாறையில் ஏறினார்கள். பீரங்கிக்காரர்கள் அவருடைய கணக்கை எடுத்துக் கொண்டார்கள். சிப்பாயின் கைக்கு மட்டும் அது வரவில்லை. புரி வெட்டிய குழாயில் குண்டை இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். ஒருவன் ஒரு தடவை சுடுவதற்குள் எதிரி மூன்று தடவை சுட்டுவிடுவான் என்ற நியாயமான பயம் ஒரு காரணம். சாதாரணச் சிப்பாய் குறி பார்த்துச் சுட வேண்டியதில்லை, வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டால் போதும் என்ற அலட்சியம் இன்னொரு காரணம்.

ஆகவே ஆடிக் காற்று ராயக்கோட்டைச் சண்டையைத் தீர்மானித்தது என்று நான் சொல்ல வரவில்லை. வழவழப்பான குழாயின் பிழை அவ்வளவு பெரிது. அதற்குள் காற்றின் பிழை ஒளிந்து கொண்டுவிடும். இரைச்சலான சந்தையில் குழந்தையின் அழுகை கேட்காது அல்லவா? குழாயின் பிழை நீங்கிய பிறகுதான் காற்றின் பிழை தெரிய ஆரம்பிக்கும்.

1849-ல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர், சுலபமாக உள்ளே இறங்கி, வெடிக்கும்போது விரிந்து புரியைக் கவ்விக் கொள்ளும் குண்டை அமைத்தார். பயம் தீர்ந்தது. 1853-ல் என்பீல்டு துப்பாக்கி வந்தது. ராபின்ஸ் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் துப்பாக்கிக்குரிய கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857-ல் வடக்கே பெருந்தீயை மூட்டிய பொறி. இவ்வளவு தாமதமாக வந்த ஞானம் எங்கே போய் விழுந்தது, பார்த்தீர்களா!

அதன் பிறகு காற்றைப் படிப்பது ஒரு தனிக் கலையாயிற்று. 1874 செப்டம்பரில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் 800, 900, 1,000 கஜ தூரங்களில் போட்டி போட்டார்கள். இருவரிடமும் கறுப்பு மருந்துத் துப்பாக்கிகள்தான். 1,000 கஜத்தைக் கடக்க அந்தக் கனமான குண்டுக்கு மூன்று வினாடிக்கு மேல் ஆகும். தாமதம் மட்டும் ஏறக்குறைய ஒரு வினாடி. 10 மைல் காற்றில் குண்டு 15 அடி தள்ளிப் போய்விடும். கொடி எப்படிப் பறக்கிறது, புல் எப்படிச் சாய்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் பார்த்து, அந்த 15 அடியை மனத்தில் கழித்துச் சுட வேண்டும். அமெரிக்கர்கள் 934, அயர்லாந்துக்காரர்கள் 931! அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட குண்டு பக்கத்து இலக்கின் நடுவில் போய்ப் பதிந்தது. அதற்குப் புள்ளி கிடையாது. மூன்றே புள்ளியில் தோற்றவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்!

மறுபடியும் நம் மலைக்கே வருவோம். திப்புவின் படையில் காற்றோடு வேறு விதமாக உறவாடிய ஒரு கூட்டம் இருந்தது. வாணக்காரர்கள். அவர்களுடைய வாணம் திருவிழா வாணம் போலக் காகிதத்தால் ஆனதல்ல, இரும்புக் குழாய். சுமார் 8 அங்குல நீளம். அதற்குள் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலிலோ வாளிலோ கட்டி விடுவார்கள். இரும்பு தாங்கியதால் மருந்தை அதிகம் கெட்டிக்க முடிந்தது. ஆகவே வெகுதூரம் போயிற்று.

குண்டு காற்றடிக்கும் பக்கமாக விலகும். வாணம் நேர் எதிர். வாணத்தின் கனம் முன்னே. நீண்ட வால் பின்னே. குறுக்கே வீசுகிற காற்று வாலைத் தள்ளுகிறது; அதனால் தலை காற்றை நோக்கித் திரும்புகிறது. மருந்து எரிகிற வரையில் வாணம் காற்றை எதிர்த்தே ஏறிப் போகும். துப்பாக்கிக்காரன் மேல்காற்றுக்கு மேற்கே தள்ளிக் குறி வைக்க வேண்டும் என்றால், வாணக்காரன் கிழக்கே தள்ளி வைக்க வேண்டும். மருந்து தீர்ந்த பிறகோ, வாணமும் குண்டைப் போலக் காற்றோடு சாயும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத் தீயை வைக்க ஒரு தேர்ந்த கை வேண்டும். அந்தக் கைகள் திப்புவிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன.

1792 உடன்படிக்கையில் பாராமகால் கும்பினிக்குப் போயிற்று. ஓசூர் திப்புவிடமே இருந்தது. ராயக்கோட்டை எல்லைக் கோட்டையாயிற்று. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸ் தம் பெரும்படையோடு அந்த ராயக்கோட்டைக்கு வந்து, கெலமங்கலம் வழியாக மைசூர் எல்லைக்குள் நுழைந்தார். படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் கர்னலும் இருந்தார். பின்னாளில் நெப்போலியனையே தோற்கடித்த வெலிங்டன் பிரபு அவர்தான். ஏப்ரல் 5-ம் தேதி இரவு, சீரங்கப்பட்டணத்துக்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில், வாணங்களும் துப்பாக்கிகளும் இருட்டில் சீற, அவருடைய ஆட்கள் சிதறிப் போனார்கள். அவரும் வழி தவறித் திரும்ப வேண்டியதாயிற்று. மே 4-ம் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு மடிந்தார்.

மைசூர் வாணங்கள் கப்பலேறி லண்டனுக்குப் பக்கத்தில் வூலிச் போய்ச் சேர்ந்தன. வில்லியம் காங்கிரீவ் 1804-ஐ ஒட்டிச் சோதனைகளைத் தொடங்கி, தம் பெயரால் காங்கிரீவ் ராக்கெட் என்று ஒன்றை உண்டாக்கினார். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீறியது. 1963-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில் திப்புவின் வாணக்காரர்களைக் கண்டு வியந்ததை எழுதியிருக்கிறார். 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா ஜில்லாவில், நகரா என்ற ஊரில், ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணங்கள் குவியலாகக் கிடைத்தன.

வாணங்கள் கிடைத்தன, வாணக்காரர்கள் கிடைக்கவில்லை. ராபின்ஸின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காங்கிரீவின் பெயர் ராக்கெட்டிலேயே இருக்கிறது. காற்று எவ்வளவு இழுக்கும் என்று முகத்தில் பட்ட மாத்திரத்தில் அறிந்து மூங்கிலைச் சாய்த்துப் பிடித்த அந்த மனிதனின் பெயர் எங்கேயும் இல்லை. அவன் அறிந்தது அவன் கையோடு போயிற்று. ராபின்ஸ் அறிந்ததோ காகிதத்தில் இருந்தும், நூறு வருஷம் யாருக்கும் கைவராமல் கிடந்தது. எழுதாத ஞானத்துக்கு ஒரு விதமான சாவு. எழுதியும் எடுத்துக்கொள்ளாத ஞானத்துக்கு இன்னொரு விதமான சாவு. ராபின்ஸ் தம் புத்தகத்தோடு கடலூரில் இறங்கியபோது, இந்த நாட்டு வாணக்காரன் ஒருவனை அவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால்? கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. அவனை ஒரு கணக்கு அறிந்தவன் என்று மதிக்க அன்றைக்கு அந்தக் கோட்டையில் யார் இருந்தார்கள்?

இன்றைக்கு ஓசூருக்குப் போகிறவர்கள் கோட்டையைத் தேடிப் போவதில்லை. வேலை தேடிப் போகிறார்கள். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் அங்கே உற்பத்தியாகின்றன. பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுதளமே இருக்கிறது. வினாடியைப் பல கூறாக்கி அளக்கத் தெரிந்த இளைஞர்கள் காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்களில் போகிறார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டுப் பக்கத்திலோ, கறுப்பு மருந்தை இடித்துச் சுடுகிற, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீசார் பறிமுதல் செய்ததாகப் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது. இருநூறு வருஷத்துக் காலம் ஒரே தாலுகாக்களில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது பெரியவரிடம் விடை பெற்றேன். "நீங்கள் சொன்னதைப் பெரிய பெரிய கணக்காக வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதி வெச்சா நல்லதுதானே ஐயா. எம் பேரன் ஓசூரிலே கம்பெனி வேலைக்குப் போறான். அவனுக்கு ஆடும் தெரியாது, காத்தும் தெரியாது" என்றார்.

துண்டை இந்தத் தடவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் சொன்னதை நானாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றிற்று. எழுதிவிட்டேன்.